பேய்க்கு பிளாஷ்பேக் உண்டு: தமிழ்ப் பேய்ப்படங்களில் சித்தமும் பித்தமும்

தமிழில் காய்ச்சல் வரும், தலை வலிக்கும். ஆனால் பேய் 'பிடிக்கும்', பைத்தியமும் 'பிடிக்கும்'. இரண்டுக்கும் ஒரே வினைச்சொல். சளியும்தானே பிடிக்கிறது என்று நண்பர்கள் கேட்பார்கள். சரிதான். ஆனால் சளி பிடித்தவரைப் பார்த்து "உள்ள இருக்கிறது யாரு?" என்று நாம் கேட்பதில்லை. பேய் பிடித்தவரிடமும் பைத்தியம் பிடித்தவரிடமும் அதைத்தான் கேட்கிறோம். பேசுவது அவர் இல்லை, வேறு யாரோ என்று முதலிலேயே முடிவு செய்துவிடுகிறோம்.

இந்தக் குறிப்பை எழுதத் தூண்டியது 2005ஆம் ஆண்டு. அந்தச் சித்திரைப் புத்தாண்டன்று 'சந்திரமுகி' வந்தது. ஊருக்கு விடுமுறையில் வந்தபோது வீட்டில் எல்லோரும் கிளம்பிப் புதுக்கோட்டைக்குப் போய்ப் பார்த்தோம். "ரா ரா" பாட்டுக்குத் தியேட்டரே அதிர்ந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை மட்டும் கைதட்டவில்லை, பயப்படவும் இல்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்று சொன்னார். அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன். அதைப் புரிந்துகொள்ளவே எனக்குப் பல வருஷம் ஆனது. அதற்காகத்தான் இந்தப் படங்களை வரிசையாக மறுபடி பார்க்க ஆரம்பித்தேன்.

1966: பேயைக் காட்டிப் பைத்தியமாக்குவது

'யார் நீ' படத்திலிருந்து தொடங்கலாம். சத்யம் இயக்கம், ஜெய்சங்கர், ஜெயலலிதா. 1964இல் ராஜ் கோஸ்லா இந்தியில் எடுத்த 'வோ கௌன் தி' படத்தின் தமிழ் வடிவம். மழை ராத்திரி, வெள்ளைப் புடவை, வழியில் நிற்கும் பெண். பின்னால் வந்த அத்தனை பேய்ப்படங்களும் கடன் வாங்கிய காட்சி அது.

ஆனால் அந்தக் கதையில் பேயே கிடையாது. கதாநாயகனுக்கு ஒரு பெரிய சொத்து வர இருக்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: அவன் சித்த சுவாதீனத்தோடு இருக்க வேண்டும். அதனால் அவனைக் கொல்ல வேண்டிய அவசியம் வில்லனுக்கு இல்லை. அவன் கண்ணால் பார்த்ததை அவனே நம்ப முடியாமல் செய்துவிட்டால் போதும், சொத்து கைமாறிவிடும். கதாநாயகன் ஒரு டாக்டர் என்பதையும் கவனிக்க வேண்டும். படித்தவனையே இப்படி ஆக்கிவிடலாம் என்பதுதான் படத்தின் பயம்.

இது இந்திய சரக்கு மட்டும் இல்லை. ஹாலிவுட்டில் 1944இல் வந்த 'கேஸ்லைட்' படத்தில் கணவன் மனைவிக்குச் செய்வதும் இதேதான். அந்தப் படத்தின் பெயரே இன்றைக்கு ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல்லாகிவிட்டது. 

இதைச் சினிமாக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. 'சித்த சுவாதீனம் இல்லாதவர்' என்ற பட்டத்துக்குச் சட்டத்தில் கனம் உண்டு. 1872 ஒப்பந்தச் சட்டப்படி அவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. 1955 இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்கு அது ஒரு காரணம். ஆக, ஒருவரைப் பைத்தியம் என்று நிரூபித்தால் அவர் நிலமும் போகும், தாலியும் போகும். கிராமத்தில் பாகப்பிரிவினைச் சண்டைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு 'யார் நீ' பேய்ப்படமாகத் தெரியாது. குடும்பப் படமாகத்தான் தெரியும்.

1978: பேய் வந்து வழக்காடுவது

அடுத்தது 'ஆயிரம் ஜென்மங்கள்'. துரை இயக்கம். விஜயகுமார், லதா, ரஜினிகாந்த், பத்மப்ரியா. 1976இல் வந்த 'யக்ஷகானம்' மலையாளப் படத்தின் தழுவல். கணவனின் பழைய காதலி இறந்துபோயிருக்கிறாள். அவள் ஆவி மனைவியின் உடம்புக்குள் வந்துவிடுகிறது. அதைக் கண்டுபிடிப்பது மனைவியின் அண்ணன்.

இங்கே பேய் நிஜம். பேய் நிஜமானதும் கதையில் ஒரு புது விஷயம் நடக்கிறது: பேய்க்கு ஒரு முன்கதை கிடைக்கிறது. அவள் யாரைக் காதலித்தாள், எப்படிச் செத்தாள் என்று கதை பின்னால் போகிறது. அன்றிலிருந்து இன்று வரை இது மாறவில்லை. 2011இல் வந்த 'காஞ்சனா'வை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பாதி முழுக்கச் சிரிப்பு. பிற்பாதியில் திருநங்கை காஞ்சனா வந்து தன் கதையைச் சொன்னதும் தியேட்டரே அமைதியாகிவிடும். பேய்க்குத் தரப்பு உண்டு, சாட்சி உண்டு, நியாயமும் கிடைக்கும்.

ஊரில் பேயோட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. கோடாங்கி உடுக்கையை அடித்துக்கொண்டே கேட்பார்: "நீ யாரு? எந்த ஊரு? எதுக்கு வந்த? என்ன வேணும்?" பேய் பதில் சொல்லும். பெரும்பாலும் அது அற்பாயுசில் செத்தவர் ஆவி. பிடித்திருப்பதும் பெரும்பாலும் கல்யாணமாகி அதிக நாள் ஆகாத பெண்ணை. தமிழகக் கிராமங்களில் இதை நேரில் ஆராய்ந்த மானுடவியலாளர் இசபெல் நபோகோவ், பேயோட்டும் சடங்கு என்பது புருஷன் வீட்டிலிருந்து விலகிப்போன மனைவியைத் திருப்பிக் கொண்டுவரும் சடங்கு என்று விளக்கினார். கடைசியில் ஒரு கொத்து முடியைப் புளியமரத்தில் ஆணி அடித்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள். அதற்கு முன்னால் கொஞ்ச நேரமாவது அவள் வாயிலிருந்து வருவதை ஊரே கேட்டாக வேண்டும். மாமியாரைத் திட்டலாம், புருஷனைத் திட்டலாம். குற்றம் பேய் தலையில் போய்விடும்.

2005: டாக்டர் வந்தார்

'சந்திரமுகி'யின் வேர் மலையாளத்தில் 1993இல் வந்த ஃபாசிலின் 'மணிச்சித்ரதாழ்'. மது முட்டம் எழுதிய கதை. திருவிதாங்கூரில் ஆலும்மூட்டில் தறவாட்டில் நடந்த ஒரு துயரம் அதன் கருவுக்குப் பின்னால் இருக்கிறது. ஷோபனாவுக்கு தேசிய விருது கிடைத்தது. பிறகு பி. வாசு அதை 2004இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா'வாகவும் 2005இல் 'சந்திரமுகி'யாகவும் எடுத்தார்.

'பேய் இல்லை, நோய்' என்று ஒரு பெரிய வணிகப்படம் தைரியமாகச் சொன்னது அப்போதுதான். அதற்காகவே பலர் பாராட்டினார்கள், நானும்தான். ஆனால் மறுபடி பார்த்தபோது மூன்று விஷயம் உறுத்தியது.

ஒன்று, சந்தேகம் முதலில் யார்மேல் விழுகிறது? மலையாளத்தில் ஸ்ரீதேவிமேல். செவ்வாய் தோஷம் உள்ளவள், கணவனைப் பிரிந்து பிறந்த வீட்டில் இருப்பவள். அந்த வீட்டில் பைத்தியமாக இருக்க மிகவும் 'பொருத்தமானவள்' அவள்தான். அவளை அறையில் வைத்துப் பூட்டவும் செய்கிறார்கள். அவளுக்கு ஒன்றுமே இல்லை என்பது பிறகுதான் தெரிகிறது.

இரண்டு, வைத்தியம். அமெரிக்காவிலிருந்து வந்த மனநல மருத்துவர் கடைசியில் என்ன செய்கிறார்? மந்திரவாதியோடு கூட்டுச் சேர்கிறார். வேட்டையனாக வேஷம் போடுகிறார். பொம்மையை மாற்றி வைத்து, பழிதீர்த்துவிட்டதாக அவளை நம்பவைக்கிறார். நோய் என்று பெயர் வைத்துவிட்டுப் பேய்க்கான வைத்தியத்தைப் பார்க்கிறார். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை. பார்வையாளர்கள் அத்தனை பேரும் இரண்டையும் ஒரே நேரத்தில் நம்பத் தயாராக இருந்தோம் என்பதற்கு அதுவே சாட்சி.

மூன்றாவதுதான் முக்கியம். கங்காவின் கதை. மலையாளப் படத்தில் அப்பா அம்மா கல்கத்தாவில் இருக்க, பாட்டியிடம் தனியாக வளர்ந்த குழந்தை அவள். பரீட்சை நேரத்தில் திடீரென்று அங்கிருந்து பிய்த்துக் கூட்டிப் போகிறார்கள். நோய்க்கு விதை அங்கே விழுந்தது என்கிறது படம். அதை யார் சொல்கிறார்? டாக்டர் சொல்கிறார், கணவனிடம். தமிழிலும் நோயை விளக்குவது டாக்டர்தான், கேட்பது கணவன்தான். இரண்டு படத்திலும் செத்துப்போன நாட்டியக்காரிக்குப் பாட்டு உண்டு, வசனம் உண்டு. உயிரோடு இருக்கிற கங்கா, தனக்கு என்ன நடந்தது என்று தன் வாயால் சொல்லும் காட்சி இல்லை. பேய்க்கு பிளாஷ்பேக் உண்டு. பைத்தியத்துக்கு டயக்னோசிஸ் மட்டும்தான்.

வெளிநாட்டிலும் இதே சிக்கல் இருந்திருக்கிறது. 1920இல் ஜெர்மனியில் வந்த 'டாக்டர் காலிகாரி'யில் கதை சொல்பவனே மனநல விடுதியில் இருப்பவன் என்று கடைசியில் தெரியும். அங்கே டாக்டர்தான் வில்லனா, இல்லை அவன் மனப்பிரமையா என்ற சந்தேகம் நமக்குத் தீரவே தீராது. 1960இல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வில் டாக்டர் வந்து நீளமாக விளக்கி முடிப்பார். ஆனால் படம் அவரோடு முடியாது. நார்மனின் முகமும் அவன் தலைக்குள் கேட்கும் அம்மாவின் குரலும்தான் கடைசி. விளக்கம் தீர்ந்த பிறகும் விளங்காதது மிச்சம் இருக்கிறது என்று ஹிட்ச்காக்குக்குத் தெரிந்திருந்தது.

18 வருஷம் கழித்து, 2023இல், அதே பி. வாசு 'சந்திரமுகி 2' எடுத்தார். அதில் சந்திரமுகி நிஜமான பேய். டாக்டருக்கு வேலையே இல்லை. நோய் என்ற பதில் தமிழ் சினிமாவில் 18 வருஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை.

சங்கிலி

படங்களை விட்டு வெளியே வருவோம். மெட்ராஸில் கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில், 1794இல் தொடங்கிய மனநல விடுதி 1871இல் கீழ்ப்பாக்கத்துக்குப் போனது. அந்த ஊர்ப் பெயரே தமிழ் சினிமாவில் ஒரு ஜோக் ஆகிவிட்டது. "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்றால் எல்லோருக்கும் புரியும். ஆனால் தெற்கத்திக் குடும்பங்களுக்குக் கீழ்ப்பாக்கம் தூரம். பக்கத்தில் இருந்தவை கோயிலும் தர்காவும் மடமும்தான்.

அந்த உலகத்தைத் திரையில் நேராகக் காட்டியது பேய்ப்படம் இல்லை, 1999 டிசம்பரில் வந்த பாலாவின் 'சேது'. தலையில் அடிபட்ட சேதுவைப் பாண்டி மடத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். அங்கே சங்கிலியில் கட்டப்பட்ட மனிதர்கள். அவன் தெளிகிறான், தப்பித்துக் காதலியைப் பார்க்க வருகிறான், அவள் செத்துக் கிடக்கிறாள். பிறகு தானாகவே மடத்துக்குத் திரும்பிப் போகிறான். தெளிந்தவன் எதற்காகத் திரும்பிப் போகிறான்? சித்தத்துக்கும் பித்தத்துக்கும் நடுவில் இருக்கும் கோட்டை இதைவிடக் கூர்மையாக எந்தத் தமிழ்ப் பேய்ப்படமும் காட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

'சேது' வந்து 20 மாதம் கழித்து, 2001 ஆகஸ்ட் 6. நம் மாவட்டத்தின் தெற்கு எல்லையைத் தாண்டினால் வருகிற ராமநாதபுரம் மாவட்டத்தில், ஏர்வாடியில், தர்காவுக்கு வருகிறவர்களை வைத்துத் தனியார் நடத்திய மனநலக் காப்பகங்களில் ஒன்றில் விடியற்காலையில் தீப்பிடித்தது. கீற்றுக் கொட்டகை. உள்ளே இருந்த 40க்கும் மேற்பட்டவர்களில் அநேகமாக எல்லோரும் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். மொத்தம் 28 பேர் இறந்தார்கள்.

அவர்களில் சிலரைப் பேய் பிடித்தது என்று கூட்டி வந்திருப்பார்கள். சிலரை நோய் என்று தெரிந்தே, வேறு வழி இல்லாமல் விட்டுப் போயிருப்பார்கள். தீ அந்த வித்தியாசத்தைப் பார்க்கவில்லை. சங்கிலியும் பார்க்கவில்லை. 'பேயா, நோயா?' என்று இரண்டரை மணி நேரம் சீட் நுனியில் உட்கார்ந்து பார்த்தோமே, அந்தக் கேள்விக்கு எந்தப் பதில் வந்திருந்தாலும் அவர்கள் காலில் இருந்தது ஒரே பூட்டுத்தான். சாவி வேறொருவர் கையில்.

அந்த மாதமே ஏர்வாடிக் காப்பகங்கள் மூடப்பட்டன. 500க்கும் மேற்பட்டவர்களை அரசு பொறுப்பில் எடுத்துக்கொண்டது. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. இத்தனைக்கும் இப்படிப்பட்ட இடங்கள் உரிமம் பெற வேண்டும் என்ற 1987 மனநலச் சட்டம் 1993லேயே அமலுக்கு வந்திருந்தது. அதே 1993இல்தான் 'மணிச்சித்ரதாழ்' வந்தது என்பதைக் குறித்துக்கொண்டேன். திரையில் டாக்டர் வந்துவிட்டார். ஊருக்குள் வரவில்லை.

திருவரங்குளத்துக் காட்டில் ஒரு பித்தர்

நம்ம ஊர் பக்கமே இதற்கு இன்னொரு முகம் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சதாசிவ பிரம்மேந்திரர். ஆடை இல்லாமல், யாரோடும் பேசாமல் அலைந்தவர். புதுக்கோட்டைக்கு அருகே திருவரங்குளம் காட்டில் விஜய ரகுநாதத் தொண்டைமான் அவரைச் சந்தித்தார் என்பதும், அவர் மணலில் உபதேசம் எழுதிக் காட்டினார் என்பதும், அந்த மணலை மன்னர் எடுத்து வந்து அரண்மனையில் வைத்துப் பூஜித்தார் என்பதும் புதுக்கோட்டையில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. 

இதை மகானைக் குறைத்துச் சொல்வதற்காக எழுதவில்லை. என் கேள்வி வேறு. பேசாமல், உடுக்காமல், காட்டில் அலைகிற ஒருவரை மன்னர் பார்த்தால் ஞானி. கோடாங்கி பார்த்தால் பேய். டாக்டர் பார்த்தால் நோயாளி. வில்லன் பார்த்தால் சொத்து. வெளியே தெரியும் நடத்தை ஒன்று, பெயர் நான்கு. பெயரை வைப்பவர் யார் என்பதைப் பொறுத்து அவருக்குப் பூஜையோ சங்கிலியோ கிடைக்கிறது. பேய்ப்படங்கள் நம்மைப் பயமுறுத்துவது இதனால்தான் என்று நினைக்கிறேன். இருட்டில் நிற்கும் உருவத்தைப் பார்த்து மட்டும் நாம் பயப்படுவதில்லை. நாளைக்கு நம்மைப் பார்த்து நாலு பேர் ஒரு பெயர் வைத்துவிட்டால், அதற்குப் பிறகு நாம் என்ன சொன்னாலும் அந்தப் பெயருக்கே சாட்சியாகிவிடும். அந்தப் பயம் பெரிது.

கேட்பதும் ஒரு வைத்தியம்

ஏர்வாடித் தீக்கு அடுத்த ஆண்டு, 2002இல், பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு சின்ன ஆய்வு வந்தது. தமிழ்நாட்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் வந்து தங்கிய 31 பேரைக் கவனித்து எழுதியது. அவர்களில் பெரும்பாலோர் தீவிர மனநோய் உள்ளவர்கள். கோயிலில் மருந்து கிடையாது, விசேஷ வைத்தியமும் கிடையாது. தங்குவார்கள், சின்னச் சின்ன வேலை செய்வார்கள். சில வாரங்களில் அவர்களுடைய நோய்க்குறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. அந்த இடம் அவர்களை மிரட்டவில்லை, ஆதரவாக வைத்திருந்தது, அதுதான் காரணமாக இருக்க வேண்டும் என்றார்கள் ஆய்வாளர்கள். கோயிலுக்குப் போனால் போதும், மாத்திரை வேண்டாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. 31 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஆனால் கட்டி வைக்காமல் இருப்பதே பாதி வைத்தியம் என்று சொல்ல இது போதும்.

எங்கள் பக்கத்துக் குடும்பங்கள் போவது குணசீலம். காவிரிக் கரையில் பிரசன்ன வெங்கடாசலபதி. 48 நாள், ஒரு மண்டலம் தங்க வேண்டும். பூஜை நேரத்தில் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். திருச்சி மாவட்டத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. மாவட்ட மனநலத் திட்டம் 1996-97இல் தொடங்கியபோது நாட்டிலேயே முதலில் எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களில் அதுவும் ஒன்று. கோயிலும் ஆஸ்பத்திரியும் ஒரே பஸ் ரூட்டில்.

எங்கள் அத்தை இரண்டு இடத்துக்கும் போனவர். 80களில், இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு தூக்கம் போனது. யாரோ பேசுவது காதில் கேட்டது. முதலில் கோடாங்கி, புளியமரம், ஆணி. பிறகு திண்ணையை ஒட்டிய அறை, வெளிப்பக்கம் தாழ்ப்பாள். பிறகு குணசீலம். கடைசியில் ஒரு டாக்டர், மாத்திரை. தேறி வந்து இரண்டு பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கினார். வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கே தாழ்ப்பாள் மட்டும்தான் ஞாபகம்.

2005இல், படம் பார்த்துவிட்டு வரும்போது பஸ்ஸில் அவர் சொன்னது இதுதான்: "கோடாங்கி பேய்கிட்ட கேட்டான், தம்பி. டாக்டரு உங்க மாமாகிட்ட கேட்டாரு. எனக்கு என்ன பண்ணுதுன்னு எங்கிட்ட யாருமே கேக்கல. இந்தப் படத்துலயும் அந்தப் புள்ளைகிட்ட யாரும் கேக்கல பாரு."

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தை மூன்று வருஷம் முன்னால்தான் முழுசாகப் படித்தேன். 95ஆவது பிரிவு, யாரையும் எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. ஊர் வழக்கத்துக்கும் ஒழுக்கத்துக்கும் ஒத்துப்போகவில்லை என்பதற்காக ஒருவரை மனநோயாளி என்று சொல்லக் கூடாது என்கிறது இன்னொரு பிரிவு. 'எனக்கு முடியாமல் போனால் இப்படி வைத்தியம் பாருங்கள், இப்படிப் பார்க்காதீர்கள்' என்று நல்ல நிலையில் இருக்கும்போதே எழுதி வைக்கும் உரிமையும் அதில் உண்டு. சட்டம் படிக்கும்போது கண் கலங்கும் என்று எனக்குத் தெரியாது. அத்தையிடம் யாரும் கேட்காத கேள்வியை, 30 வருஷம் கழித்து ஒரு சட்டம் கேட்கிறது.

இந்தச் சட்டம் நம் ஊர்த் திண்ணை வரைக்கும் வந்துவிட்டதா என்று என்னைக் கேட்டால், இல்லை என்பேன். வெளித் தாழ்ப்பாள் போட்ட அறைகள் இன்னும் இருக்கின்றன. போன பொங்கலுக்குக்கூட ஒன்றைப் பார்த்தேன். இந்த முறை ஜன்னல் பக்கம் போய் நின்று, உள்ளே இருந்தவரிடம், "சாப்பிட்டீங்களா? என்ன பண்ணுது?" என்று கேட்டேன். பத்து நிமிஷம் பேசினார். பாதி எனக்குப் புரியவில்லை. மீதிப் பாதி நன்றாகவே புரிந்தது.